கணக்குக் குறியீடு தானாக விழும்படி அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புது வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்ததும் அவருக்கான கணக்குக் குறியீடு தானாக விழ வேண்டும், "கடைசி நம்பர் என்ன?" என்று யாரும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இதற்குச் செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் போதும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிக் போட ஐந்து நிமிடம்தான், உண்மை. ஆனால் அதற்கு முன்னால் காகிதத்தில் முடிவு செய்ய வேண்டியவை அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

நான் கணக்குப் பார்க்கப் போன ஒரு நிறுவனத்தில் ஆறு இலக்கக் குறியீடு இருந்தது. முதல் இரண்டு இலக்கம் ஏரியா, அடுத்தது விற்பனைப் பிரதிநிதி, மீதி மூன்றும் வரிசை எண். 041007 என்றால் நாலாவது ஏரியா, முதல் பிரதிநிதி, ஏழாவது வாடிக்கையாளர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் வாடிக்கையாளர் பட்டியலை எக்செலில் எடுத்து, போன் நம்பர்களைத் திருத்தி, திரும்ப உள்ளே ஏற்றினார்கள். முன்னால் இருந்த பூஜ்யத்தை எக்செல் தின்றுவிட்டது, 041007 வெறும் 41007 ஆகிவிட்டது. மென்பொருளுக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியாது, அதனால் புது வாடிக்கையாளராகவே சேர்த்துக்கொண்டது. பழைய பில்கள் ஒரு கணக்கில், அதன்பின் வந்த பணமெல்லாம் இன்னொரு கணக்கில். மூன்று மாதம் கழித்து, முழுப் பணமும் கட்டியிருந்த ஒருவருக்குப் பாக்கி நோட்டீஸ் போனது. அவர் போனில் கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டது வசூல் பகுதியில் இருந்த ஒரு பெண். தப்பு அவர் மேல் துளிகூட இல்லை.

அதனால் இதில் டிக் போடும் இடம் பாதி தாண்டித்தான் வரும்.

எதைத் தானாக்குவது, எதைக் கையிலேயே வைத்துக்கொள்வது

கணக்கு மென்பொருளில் மூன்று விதமான எண்கள் இருக்கின்றன, மூன்றையும் ஒரே பேச்சில் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. ஒன்று, பொதுப்பேரேட்டுக் கணக்குகள்: வாடகை, சம்பளம், விற்பனை, வங்கி இப்படி. இரண்டாவது, ஆட்களின் கணக்குகள், அதாவது வாடிக்கையாளர், சப்ளையர். மூன்றாவது, பில், ரசீது, வவுச்சர் எண்கள்.

தானாக விழ வேண்டியது இரண்டாவதும் மூன்றாவதும். பொதுப்பேரேட்டுக் கணக்கை நான் எப்போதும் கையால்தான் எண் கொடுத்துத் திறப்பேன், மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொல்வேன். ஒரு வருடத்தில் புதிதாக எத்தனை செலவுக் கணக்கு திறக்கப் போகிறீர்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் லாப நட்டக் கணக்கில் எந்த வரியில் உட்காரும் என்று யோசித்துத் திறக்க வேண்டியது. அதைத் தானாக்கினால் "டீ செலவு", "தேநீர்ச் செலவு", "அலுவலக டீ" என்று மூன்று கணக்கு மூன்று எண்ணோடு வந்து நிற்கும், எண் சரியாக இருக்கும், கணக்கு நாறிவிடும். வாடிக்கையாளர் கதை வேறு. வாரத்துக்குப் பத்துப் பேர் சேரலாம், ஒவ்வொருவரும் தனி ஆள், யோசிக்க ஒன்றுமில்லை.

பில் எண்ணுக்கும் வாடிக்கையாளர் குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில் எண் நடுவில் விடுபட்டால் பல இடங்களில் வரி அதிகாரி கேள்வி கேட்பார். வாடிக்கையாளர் எண்ணில் 10046-க்கு அப்புறம் 10048 வந்தால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

எத்தனை இலக்கம், எங்கே தொடக்கம்

இப்போது இருக்கும் ஆட்களை எண்ணுங்கள். வருடத்துக்கு எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று பாருங்கள். பத்து வருடத்துக்குக் கூட்டி, வந்ததை மூன்றால் பெருக்குங்கள். உதாரணமாக 400 பேர் இருக்கிறார்கள், வருடம் 200 சேர்கிறார்கள் என்றால் பத்து வருடத்தில் 2400, மூன்று மடங்கு 7200. நாலு இலக்க வரிசை 9999 வரை போகும், போதும். அதன் முன்னால் வகையைக் காட்ட ஓர் இலக்கம். ஆக மொத்தம் ஐந்து.

மென்பொருள் எவ்வளவு இடம் தருகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சேஜ் 50-இன் பிரிட்டன் பதிப்பில் வாடிக்கையாளர் கணக்குக்கு 8 எழுத்துதான், குவிக்புக்ஸ் டெஸ்க்டாப்பில் கணக்கு எண் 7 இலக்கம் வரை, பிசினஸ் சென்ட்ரலில் 20 எழுத்து. நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் ஐந்தாறு இலக்கம் எல்லா இடத்திலும் நுழைந்துவிடும்.

குறியீடு ஒருபோதும் பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது. 00001 வேண்டாம், 10001 வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கதை நடக்கவே நடக்காது. கோடு, சாய்கோடு எதுவும் நடுவில் போடாதீர்கள், ஏனென்றால் 10-04 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதி ஆக்கிவிடும். எண்களுக்கு நடுவில் ஆங்கில எழுத்து ஈ வந்தால் இன்னும் மோசம், அதை அடுக்கு எண் என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ கொண்டுபோய்விடும். எல்லாக் குறியீடும் ஒரே நீளத்தில் இருப்பதும் முக்கியம். பல மென்பொருள்கள் குறியீட்டை எழுத்தாகத்தான் வரிசைப்படுத்துகின்றன, அப்படி வரிசைப்படுத்தினால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

எந்தக் கணக்குக்கு எந்த எல்லை

இதற்கு நீங்களாகப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், நன்றாகத் தேய்ந்த பாதைகள் இருக்கின்றன. பிரான்சின் பொதுக் கணக்குத் திட்டத்தில் முதல் இலக்கமே வகுப்பு: 1 மூலதனம், 2 நிலைச் சொத்து, 3 சரக்கிருப்பு, 4 வாடிக்கையாளர் சப்ளையர் முதலானோர், 5 ரொக்கமும் வங்கியும், 6 செலவு, 7 வருமானம். அங்கே சப்ளையர் என்றால் 401, வாடிக்கையாளர் என்றால் 411, கணக்காளர்களுக்கு மனப்பாடம். ஜெர்மனியில் டாடெவ் என்ற கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் முறையில் பொதுக் கணக்குகளுக்கு வழக்கமாக நாலு இலக்கம், ஆட்களுக்கு ஐந்து இலக்கம், அதிலும் வாடிக்கையாளருக்கு 10000 முதல் 69999 வரை, சப்ளையருக்கு 70000 முதல் 99999 வரை. இந்த ஜெர்மன் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. நீளத்தைப் பார்த்ததுமே இது ஆளா, கணக்கா என்று தெரிந்துவிடுகிறது, முதல் இலக்கத்தில் வாங்குபவரா விற்பவரா என்பதும் தெரிந்துவிடுகிறது. இந்த வழிகாட்டியில் அதையே எடுத்துக்கொள்கிறேன்: வாடிக்கையாளர் 10001-இல் தொடக்கம், சப்ளையர் 70001-இல் தொடக்கம்.

பொதுக் கணக்குகளுக்கு நாலு இலக்கம் கையால். 5110, 5120, 5130 என்று பத்துப் பத்தாகத் தாண்டிக் கொடுங்கள், நடுவில் ஒன்றைச் செருக இடம் இருக்கும்.

இதற்கு மேல் குறியீட்டுக்குள் எதையும் திணிக்காதீர்கள். ஏரியா மாறும், பிரதிநிதி வேலையை விட்டுப் போவார், சில்லறை வாடிக்கையாளர் மொத்த வாடிக்கையாளர் ஆவார். குறியீடு மாறக் கூடாது. இவையெல்லாம் மாஸ்டரில், அதாவது அந்த ஆளின் நிலையான விவரங்கள் இருக்கும் பதிவில், தனித்தனிப் புலங்களாக இருக்க வேண்டியவை, அங்கே மாற்றினால் ரிப்போர்ட் தானாக மாறும். குறியீட்டின் வேலை ஒன்றுதான், இந்த ஆள் இவர்தான் என்று காட்டுவது.

பெயரிலிருந்து குறியீடு எடுக்காதீர்கள், அதுவும் தமிழில்

சில மென்பொருள்கள் பெயரின் முதல் மூன்று எழுத்தை எடுத்து, பின்னால் ஓர் எண் சேர்த்துக் குறியீடு தரும். நினைவில் வைக்கச் சுலபம் என்று சொல்வார்கள். ஒரே பெயரை லட்சுமி என்று ஒருவர் தட்டுவார், லெட்சுமி என்று இன்னொருவர், லக்ஷ்மி என்று மூன்றாமவர். மூன்றும் மூன்று இடத்தில் போய் உட்காரும்.

தமிழில் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. யூனிகோடில் "லெ" என்பது கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு: ல ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று. "லெட்சுமி"யின் முதல் மூன்று எழுத்தை எடு என்றால் பெரும்பாலான மென்பொருள் ல, கொம்பு, ட என்று மூன்றை எண்ணிவிட்டு "லெட" என்று தரும், புள்ளி வெட்டுப்பட்டுப் போகும். "கோ" போன்றவை இன்னும் விஷமம். ஓகாரக் குறியை ஒரே துண்டாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மென்பொருள் ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே ஆள் இரண்டு தடவை பட்டியலில் வந்து, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசமே தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். பெயர் பெயராக இருக்கட்டும், குறியீடு எண்ணாக இருக்கட்டும்.

இப்போது செட்டிங்ஸ்

முதலில் பேக்கப். அப்புறம் ஒரு டெஸ்ட் கம்பெனியைத் திறந்து அதில் செய்து பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியில் வேண்டாம். மெனுவின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், ஆனால் தேட வேண்டிய பொருள் ஒன்றுதான்.

ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளில் செல்லிங் செட்டிங்ஸ் போங்கள். "கஸ்டமர் நேமிங் பை" என்ற இடத்தில் வாடிக்கையாளர் பெயர் என்று இருந்தால் அதை நேமிங் சீரீஸ் என்று மாற்றுங்கள். சப்ளையருக்கு இதே மாற்றம் பையிங் செட்டிங்ஸில். அடுத்து டாக்குமென்ட் நேமிங் செட்டிங்ஸ் திறந்து, கஸ்டமரைத் தேர்ந்தெடுத்து, சீரீஸ் வரியில் 1.#### என்று எழுதுங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது மாறாத முன்னொட்டு, ஒவ்வொரு # குறியும் ஓர் இலக்கம். முதல் ஆளுக்கு 10001 விழும். சப்ளையருக்கு 7.#### என்றால் 70001. # தீர்ந்துவிட்டால் இது நிற்காது, ஓர் இலக்கத்தைக் கூட்டிக்கொண்டு ஓடும், அதனால்தான் மேலே அந்த மூன்று மடங்குக் கணக்கைப் போடச் சொன்னேன். அதே பக்கத்தில் கவுன்ட்டர், அதாவது எதுவரை எண் கொடுத்தாயிற்று என்று நினைவில் வைத்திருக்கும் எண்ணி, இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் மாற்றவும் ஓர் இடம் இருக்கிறது, அது கீழே தேவைப்படும்.

பிசினஸ் சென்ட்ரலில் தேடல் பெட்டியில் நம்பர் சீரீஸ் பக்கத்தைத் தேடித் திறந்து, வாடிக்கையாளருக்கு ஒரு சீரீஸ், சப்ளையருக்கு ஒரு சீரீஸ் உருவாக்குங்கள். அதன் வரிகளில் தொடக்க எண் 10001, முடிவு எண் 69999, எச்சரிக்கை எண் 65000 என்று கொடுக்கலாம். எச்சரிக்கை எண் அருமையான ஏற்பாடு, எல்லை நெருங்கும்போது மென்பொருளே சொல்லிவிடும், தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள். "டீஃபால்ட் நோஸ்" டிக் இருந்தால்தான் எண் தானாக விழும். "மேனுவல் நோஸ்" டிக் இருந்தால் கையாலும் தட்டலாம். பழைய தரவு ஏற்றும் வரை இரண்டாவதை வைத்துக்கொண்டு, ஏற்றி முடித்த அன்றே எடுத்துவிடுங்கள். கடைசியாக, சேல்ஸ் அண்ட் ரிசீவபிள்ஸ் செட்டப் பக்கத்தில் கஸ்டமர் நோஸ் என்ற இடத்தில் முதல் சீரீஸையும், பர்ச்சேஸ் அண்ட் பேயபிள்ஸ் செட்டப் பக்கத்தில் வெண்டர் நோஸ் என்ற இடத்தில் இரண்டாவதையும் இணைக்க வேண்டும். சீரீஸ் செய்துவிட்டு இந்த இணைப்பை மறந்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

ஓடூ மென்பொருளில் டெவலப்பர் மோடை இயக்கினால் செட்டிங்ஸுக்குள் டெக்னிகல் என்ற பகுதியில் சீக்வென்ஸஸ் கிடைக்கும். முன்னொட்டு, இலக்க நீளம், எத்தனை எத்தனையாகத் தாண்டுவது, அடுத்த எண் எல்லாம் அங்கேயே. ஆனால் அடிப்படை நிறுவலில் வாடிக்கையாளரின் ரெஃபரன்ஸ் புலத்தில் இது தானாகப் போய் விழாது, அதற்குத் தனி மாட்யூல் போடவோ சிறு மாற்றம் எழுதவோ வேண்டும்.

டேலியில் லெட்ஜரின் பெயர்தான் அடையாளம், குறியீடு வேண்டுமென்றால் அலியாஸ் (மாற்றுப்பெயர்) இடத்தில் தரலாம். குவிக்புக்ஸில் கணக்கு எண்ணை செட்டிங்ஸில் இயக்க வேண்டும், எண்ணை நாம்தான் தட்ட வேண்டும். தானாக விழாத மென்பொருளில் இருப்பவர்கள் ஒரே ஒரு ஆளிடம் எண் கொடுக்கும் பொறுப்பை விடுங்கள், இரண்டு பேரிடம் விட்டால் இரண்டு 10058 வந்துவிடும்.

கவுன்ட்டர் எப்படி நகர்கிறது

சொந்தமாக மென்பொருள் எழுதுபவர்களும் எழுதச் சொல்பவர்களும் இதைக் கவனியுங்கள். "இருப்பதில் பெரிய எண்ணை எடு, ஒன்று கூட்டு" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரே ஆள் வேலை செய்யும்வரை ஓடும். இரண்டு பேர் ஒரே நொடியில் சேமித்தால் இருவருக்கும் பெரிய எண் 10057, இருவருக்கும் 10058. அதனால் கவுன்ட்டர் தனி அட்டவணையில் இருக்க வேண்டும், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் காத்திருக்கும்படி பூட்ட வேண்டும், அல்லது வரிசை எண் தருவதற்கென்றே டேட்டாபேஸில் இருக்கும் சீக்வென்ஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும். எதுவாக இருந்தாலும் குறியீட்டுப் புலத்தில் இரட்டிப்பைத் தடுக்கும் தனித்துவக் கட்டுப்பாட்டையும் போடுங்கள், அதுதான் கடைசிக் காவல்.

ஓடூவில் இதற்கு இரண்டு வகை இருக்கின்றன, ஸ்டாண்டர்டு, நோ கேப். முதலாவது வேகமானது, ஆனால் சேமிப்பது பாதியில் தோற்றால் எடுத்த எண் போனது போனதுதான். இரண்டாவது ஓர் எண்ணைக்கூட விடாது, அதற்கு விலையாக ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவரை நிறுத்திவைக்கும். ஆட்களின் கணக்குக்கு ஸ்டாண்டர்டு போதும், நோ கேப்பை நடுவில் விடுபடவே கூடாத எண்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வருடம் மாறும்போது கவுன்ட்டர் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும் ஏற்பாடு பில் எண்ணுக்குச் சரி. ஆட்களின் குறியீட்டில் வருடம் வரவே கூடாது, ஓர் ஆள் ஏப்ரலில் வேறு ஆளாக மாறுவதில்லை.

சரிபார்ப்பு இலக்கம், அதாவது தட்டும்போது நேரும் தவறைப் பிடிக்கக் குறியீட்டின் கடைசியில் சேர்க்கும் ஓர் இலக்கம், வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கி 1960-இல் காப்புரிமை பெற்ற முறை இன்றும் வங்கி அட்டை எண்களில் இருக்கிறது. 10047-ஐ எடுத்துக்கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள்: 7 இரட்டித்தால் 14, ஒன்பதைக் கழித்தால் 5. அடுத்து 4 அப்படியே. பூஜ்யங்கள் இரண்டும் பூஜ்யமே. கடைசியாக 1 இரட்டித்தால் 2. கூட்டினால் 11, அடுத்த பத்தின் மடங்கான 20-க்கு இன்னும் 9 வேண்டும். ஆக முழுக் குறியீடு 100479. யாராவது 4-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றி 100749 என்று தட்டினால், 10074-க்கு வர வேண்டிய கடைசி இலக்கம் 3, அதனால் உடனே பிடிபடும். ஓர் இலக்கம் தவறினால் கட்டாயம் பிடிக்கும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் 09, 90 ஜோடியைத் தவிர எல்லாவற்றையும் பிடிக்கும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தே வேலை செய்பவர்களுக்கு இது தேவையில்லை. வாடிக்கையாளர்கள் வங்கியில் பணம் அனுப்பும்போது தங்கள் குறியீட்டை எழுதி அனுப்பும் தொழில் என்றால் நான் கட்டாயம் போடச் சொல்வேன்.

ஏற்கெனவே இருக்கும் கணக்குகள்

பட்டியலை எக்செலில் எடுத்து, முதலில் இரட்டிப்பு ஆட்களைக் களையுங்கள். பெயரை நம்பாதீர்கள், வரி எண்ணையும் போன் நம்பரையும் வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். தானாக விழும் குறியீடு ஒரே ஆளை இரண்டு தடவை சேர்ப்பதைத் தடுக்காது, இரண்டாவது தடவையும் சமர்த்தாக ஒரு புது எண்ணைக் கொடுத்துவிடும். அதனால் வரி எண் புலத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

புது எண்ணைப் பக்கத்துப் பத்தியில் கொடுத்து, பழைய குறியீட்டை மாஸ்டரில் ஒரு தனிப் புலத்தில் வைத்திருங்கள். பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்கள். எக்செலில் குறியீட்டுப் பத்தியை எண்களை இடுவதற்கு முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

ஏற்றி முடித்ததும் கவுன்ட்டரை நகர்த்த வேண்டும். இதை மறக்காதவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். 412 பேரை 10001 முதல் 10412 வரை கையால் எண் கொடுத்து ஏற்றியிருக்கிறீர்கள், ஆனால் கவுன்ட்டருக்கு அது தெரியாது, அது இன்னும் பூஜ்யத்திலேயே நிற்கும். மறுநாள் காலை முதல் வாடிக்கையாளரைச் சேர்த்ததும் 10001 ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வரும். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் கவுன்ட்டரை 412 என்று வையுங்கள், பிசினஸ் சென்ட்ரலில் கடைசியாகப் பயன்படுத்திய எண் 10412, ஓடூவில் அடுத்த எண் 413. மூன்றும் கேட்கும் விதம் வேறு, ஒன்று கடைசியைக் கேட்கிறது, இன்னொன்று அடுத்ததைக் கேட்கிறது, அவசரத்தில் ஒன்று கூடவோ குறையவோ போய்விடும்.

திறந்துவிடுவதற்கு முன் சோதனை

டெஸ்ட் கம்பெனியில் இரண்டு கணினியில் இரண்டு பேர் உட்கார்ந்து, மூன்று எண்ணிச் சொல்லி ஒரே நேரத்தில் சேமியுங்கள். ஐந்தாறு தடவை செய்யுங்கள், ஒரே எண் இரண்டு பேருக்கு விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒருவரைச் சேர்த்து உடனே நீக்கிவிட்டு இன்னொருவரைச் சேருங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் கடைசியாகச் சேர்த்ததை நீக்கினால் அதே எண் அடுத்தவருக்குத் திரும்ப விழும். குறியீடு ஏற்கெனவே வெளியில் போய்விட்டது என்றால், உதாரணமாக வாடிக்கையாளருக்கு மெயிலில் அனுப்பிவிட்டீர்கள் என்றால், இது ஆபத்து. அதனால் நீக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, முடக்கி வைக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கணினித் தேதியை அடுத்த நிதியாண்டுக்கு நகர்த்தி ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள், எண் தொடர வேண்டும். அப்புறம் பட்டியலை எக்செலுக்கு எடுத்து, ஒன்றும் மாற்றாமல் அப்படியே திரும்ப ஏற்றுங்கள். ஆட்களின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறக் கூடாது.

உண்மையான கம்பெனியில் தொடங்குவதை வாரத்தின் நடுவில், மாதக் கடைசி இல்லாத ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் மாலை அன்று திறந்த கணக்குகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, எண் வரிசையையும், வாடிக்கையாளர் 1-இலும் சப்ளையர் 7-இலும் தொடங்குகிறார்களா என்பதையும், வரி எண் காலியாக இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த நாட்களில் ஒரு தப்பைப் பிடித்தால் திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி, அந்தக் கணக்கில் பில் ஓடத் தொடங்கிய பிறகு பிடித்தால் இரண்டு கணக்கையும் சேர்த்து ஒவ்வொரு வவுச்சராக நகர்த்த வேண்டியிருக்கும்.